இரண்டாவது நீளச் சத்தம்

திரையில் மூஸாவின் பெயர் மூன்று இடங்களில் இருந்தது. புகழேந்தியின் பெயர் இரண்டு இடங்களில்தான் இருந்தது.

"இது எந்த ஊரு நியாயம்மா?" என்று கேட்டார் உபைதுல்லா. வாய்க்கால் சங்கத்தின் பொருளாளர் அவர். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் விடமாட்டார்.

"ஓட்டு இல்லீங்க, இது புரோகிராம். சரியா ஓடுதான்னு பாக்க ஒரு பேரு போட்டுப் பாத்தேன். அழிக்க மறந்துட்டேன்" என்றாள் செம்மொழி.

"போட்டுப் பாக்க ஒங்க மொதலாளி பேருதான் கெடைச்சுதா?"

உரக்கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். செம்மொழிக்குக் காது சுட்டது. அவர்களை வரச்சொன்னதே அவள்தான். சங்கத் தலைவருக்கு ஒளிவு மறைவே இல்லாத கணினித் தேர்தல், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வந்து பார்த்துவிட்டார்கள்.

செம்மொழி அந்தக் கடையில் பில் போடுகிறவள். ஐந்து மணியானால் பட்டுக்கோட்டைக்குப் பேருந்து பிடித்து மாலை வகுப்பில் கணினி படிக்கப் போவாள். அங்கேதான் கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரிந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ளலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள். முதலில் அவளால் நம்ப முடியவில்லை. பிறகு கடைக் கணினியிலேயே அப்படி ஒன்றான லினக்ஸைப் போட்டாள். அன்றிலிருந்து பில் போடும்போது கணினி நின்றுபோவது நின்றது. மூஸா தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் இந்தப் புள்ள பண்ணுனது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூஸா கடையின் முதலாளி மட்டுமில்லை, சங்கத் தலைவரும் அவர்தான். செம்மொழிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வேறு தலைவர் இல்லை. சங்கத்தில் தேர்தல் என்பது இப்படி நடக்கும்: மேட்டூர் அணை திறப்பதற்கு முன் ஒரு நாள் எல்லோரும் உரக் கோடவுனில் கூடுவார்கள். மூஸா எதிரே உட்கார்ந்து எல்லோருக்கும் டீ வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார். "பாயே இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க" என்று யாராவது சொல்வார்கள். அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்திருக்க யாரால் முடியும்?

ஆனால் இந்த வருடம், மூஸாவை மாமா என்று கூப்பிடுகிற புகழேந்தியே எதிர்த்து நிற்கிறான். காரணம், தண்ணீர். மூஸாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. வாய்க்காலின் மேல்பக்கத்துக்காரர்கள் யார் கேட்டாலும், "சரி, நீங்க எடுத்துக்கங்க" என்பார். அவர் சரி சரி என்று சொல்லி முடிக்கும்போது கடைமடைக்கு நண்டு மட்டும்தான் வந்து சேரும். கடைமடையிலும் கடைசி வயல் செம்மொழியுடையது. அப்பா போன பிறகு அது அவள் பெயரில் இருந்தது. அதனால் சங்கத்தில் அவளுக்கும் ஓட்டு உண்டு. இரண்டு சம்பா கருகியிருந்தது. மூன்றாவதும் கருகினால் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று அவள் அம்மா அம்சம் முடிவு செய்திருந்தாள்.

"பாய் நல்ல மனுசன்தான். நல்ல மனுசனை வச்சுக்கிட்டு நாத்து நட முடியுமா?" என்பாள் அம்சம்.

முறை வைத்துத் தண்ணீர் விடுவேன், முறை தவறினால் மதகைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று புகழேந்தி சொல்லியிருந்தான். உரம் வாங்க வந்த பலபேர் பில்லை வாங்கும்போது குனிந்து, "இந்தத் தடவ மாத்திரணும்மா" என்று செம்மொழியிடம் முணுமுணுத்தார்கள். அவளும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்த நாளிலிருந்து மூஸாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கடையை அவரே பார்த்துக்கொண்டு அவளை அனுப்பி வைக்கிறவர் அவர்.

இத்தனைக்கும் கணினியில் தேர்தல் வைக்கலாம் என்று கேட்டதே மூஸாதான்.

"ஏம்மா செம்மொழி, யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி பண்ண முடியுமா?"

"முடியுங்க மொதலாளி."

"எனக்குக்கூடத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாதுங்க."

அவர் கைபேசி அடித்தது. யாரோ மேல்பக்கத்து ஆள், தூர் வாருகிற இயந்திரம் வரப்பை உடைத்துவிட்டது என்று கத்துவது அவளுக்கே கேட்டது. மூஸா பேசி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "நெசமாவே தெரியாதுல்ல?"

மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாள், சாப்பாடு கொண்டுவந்த தன் மனைவி மெஹராஜ் பேகத்தை வைத்துக்கொண்டே கேட்டார். இவர் நம்மைச் சோதிக்கிறார் என்று செம்மொழி நினைத்தாள். தெரியாது என்று நாம் சொல்லும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்.

இப்போது உபைதுல்லா திரையை விட்டு நகருவதாக இல்லை.

"எந்தப் பட்டனை அமுக்குனாலும் ஒரே ஆளுக்குத்தான் போவுதுன்னு டிவில சண்ட போட்டுக்கறாங்க. அது நெசமோ பொய்யோ, நமக்கு எதுக்கு வம்பு? நான் போட்டது என் கண்ணுக்குத் தெரியணும். ஒரு சீட்டு வரணும்."

"உள்ள எழுதியிருக்கறத யாரு வேணா படிக்கலாங்க. அதனாலதான் இது கட்டற்ற மென்பொருள்."

"நான் படிச்சேன். எனக்கு மூஸா பேரு மட்டுந்தான் புரிஞ்சுது."

மறுபடியும் சிரிப்பு. சீட்டு வைத்துவிடலாம் என்று செம்மொழி ஒத்துக்கொண்டாள். கடையிலேயே பில் அடிக்கிற பிரிண்டர் இருந்தது. ஊசி முனைகளால் புள்ளி புள்ளியாகக் குத்தி அச்சடிக்கிற பழைய பிரிண்டர். பெயர் அடித்த சீட்டு வரும். போட்டவர் பார்த்துவிட்டு ஒரு காலி டிரம்மில் போட்டுவிடலாம்.

அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக யோசிக்கிறவள். கரண்ட் போனால் என்ன செய்வது, ஒருவர் இரண்டு தடவை அமுக்கினால் என்ன செய்வது, மை தீர்ந்தால் என்ன செய்வது, வெளியிலிருந்து யாராவது கணினிக்குள் நுழைந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பார்த்து வைத்தாள். கடைசி ஆபத்துக்கு இணையத்தையே பிடுங்கிவிட்டாள். ஆனாலும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது எப்போதும் தோன்றுவதுதான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தேர்தல் நாளன்று யூரியா மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி மறைப்புக் கட்டினார்கள். மறைப்புக்குப் பின்னால் கணினி, பிரிண்டர், டிரம். முன்னால் பெஞ்சுகளில் நாற்பத்தொரு உறுப்பினர்கள். மூஸா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இவ்வளவு உற்சாகமாக அவரை அவள் பார்த்ததே இல்லை. மெஹராஜ் பேகம் வாசலோரம் டீக்கு அடுப்பு மூட்டியிருந்தார். ஓரத்தில் ஒரு புதுப் பயணப் பெட்டி, துணி உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. மலேசியாவில் இருக்கும் அவர்கள் மகள் நஜ்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்த அம்மா மட்டும் போகிறார்கள் போல என்று செம்மொழி நினைத்துக்கொண்டாள்.

முதலில் உபைதுல்லா உள்ளே போனார்.

க்ரிட்.

வெளியே வந்தார். அடுத்து ஒருவர்.

க்ரிட்.

மூன்றாவது ஆள் போய்வந்ததும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பகலவன் கபடி ஆட்டத்துக்குப் புள்ளி சொல்கிறவனைப் போல, "பாய்க்கு மூணு!" என்றான்.

"ஒனக்கு எப்புட்றா தெரியும்?"

"இதுல என்ன இருக்கு? சத்தம் கேக்கலியா? 'யூரியா'ன்னு பில் அடிச்சா சட்டுனு முடிஞ்சிரும். 'காம்ப்ளக்ஸ் பதினேழு பதினேழு'ன்னா இழுத்துக்கிட்டே போவும். 'மூஸா' யூரியா. 'புகழேந்தி' காம்ப்ளக்ஸ்."

கோடவுனே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் அந்தக் கடையின் வரிசையில் நின்றவர்கள். பில் கைக்கு வருவதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டு எந்த மூட்டை என்று தெரிந்து தூக்கிவிடுகிறவர்கள். செம்மொழி ஒருத்திக்குத்தான் அந்தச் சத்தம் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அப்போது உள்ளே இருந்தவள் அனீஸா. கடைமடைக்காரி. பில் வாங்கும்போது குனிந்து முணுமுணுத்தவர்களில் ஒருத்தி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறைப்புக்குள் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

க்ரிட்.

வெளியே வந்த அனீஸா செம்மொழியைப் பார்க்காமல் கடந்து போய் உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்றாள் செம்மொழி.

முதலில் பிரிண்டரைச் சாக்கால் போர்த்தினாள். சத்தம் அமுங்கியது. ஆனால் சாக்கு நூல் பல்சக்கரத்தில் மாட்டிக் காகிதத்தைக் கிழித்தது. உள்ளே போன பெரியவர் கையில் துண்டுச் சீட்டோடு வெளியே வந்து எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, 'ஸா'ன்னு மட்டும் வந்திருக்கு. செல்லுமா?"

"செல்லும், செல்லும்" என்றது கூட்டம்.

சாக்கை எடுத்தாள். இரண்டு பெயருக்கும் ஒரே நீளம் வந்தால் சத்தமும் ஒன்றாகிவிடும் என்று தோன்றியது. கணினி முன் உட்கார்ந்து தட்டினாள். உபைதுல்லா மறைப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஓட்டு நடந்துக்கிட்டு இருக்கறப்பவே மாத்தலாமா?"

"மாத்தலாங்க. அதான் இதுல வசதி. யாரு வேணா மாத்தலாம்."

"அப்ப நானும் மாத்தலாமா?"

செம்மொழிக்குப் பதில் இருந்தது. அதை இந்த நேரத்தில் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்தது. மூஸாவின் பெயருக்குப் பின்னால் வரிசையாகப் புள்ளிகள் போட்டு முடித்துவிட்டு எழுந்தாள்.

அடுத்தவர் உள்ளே போனார்.

க்ரிட். டிக் டிக் டிக் டிக் டிக்.

"இப்ப பாய்க்கு மேளமே வாசிக்குது!" என்றான் பகலவன்.

மூஸா சிரிக்கவில்லை. அவர் நெற்றி வியர்த்திருந்தது. "வேற எதாவது பண்ணும்மா. சத்தம் கேக்கக் கூடாதும்மா" என்றார். கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரல். யார் எதிராகப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர், ஆசைப்படவில்லை என்று காட்டிக்கொள்வதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

"என் பவர் டில்லர் வாசல்லதான் நிக்குது. ஸ்டார்ட் பண்ணி விட்டா ஒரு எழவும் கேக்காது" என்றான் புகழேந்தி.

ஸ்டார்ட் செய்தான். ஒன்றும் கேட்கவில்லைதான். உள்ளே போன கண்ணுசாமிக்குத் தன் குரலே கேட்கவில்லை. அதனால் மறைப்புக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏம்மாஆ! மூஸாவுக்கு எந்தப் பட்டனுஉ?"

அவருக்குப் பின்னால் போன இரண்டு பேரும் அதையே கத்திக் கேட்டார்கள். சத்தியமாக மறதி இல்லை. யார் காதிலாவது விழட்டும் என்றுதான் கத்தினார்கள்.

மூஸா சட்டென்று எழுந்தார். "சத்தம் இருக்கறப்பவே நானும் போட்டுர்றேன்" என்று சைகையில் சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்து உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

இதுதான் நேரம் என்று செம்மொழிக்குப் பட்டது. சத்தம் இருக்கும்போதே போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளைக்கும் கடைக்கு வரலாம். மூஸாவின் முகத்தைப் பார்க்கலாம். வயலுக்கும் துரோகம் இல்லை. அவள் மூட்டைகளுக்குப் பின்னால் போனாள். புகழேந்தியின் பட்டனை அமுக்கினாள்.

அமுக்கிய அதே நொடியில் பவர் டில்லரில் டீசல் தீர்ந்தது.

க்ரீஈஈஈஈட்.

கோடவுனில் ஒரு ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். அவ்வளவு அமைதியில் அந்தச் சத்தம் ஓடி ஓடி முடிந்தது. சீட்டைக் கிழித்து டிரம்மில் போட்ட சத்தம்கூடக் கேட்டது. உள்ளேயே இருந்துவிடலாமா என்று நினைத்தாள். மறைப்பில் வெளியே போக ஒரே வழிதான் இருந்தது.

வெளியே வந்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பகலவன்கூடப் புள்ளி சொல்லவில்லை. மூஸா மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், கைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு யாரும் எதையும் மறைக்கப் பாடுபடவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். க்ரிட், டிக் டிக். க்ரிட், டிக் டிக். புகழேந்தியும் போனான்.

க்ரிட். டிக் டிக் டிக் டிக் டிக்.

"டேய், ஒன் பேருக்கே நீ போடலியா?" என்று கேட்டார் உபைதுல்லா.

புகழேந்தி தலையைச் சொறிந்தான். "இத்தன பேரு கேட்டுக்கிட்டு இருக்கறப்ப என் பேருக்கே நான் போட்டுக்கறதா? அசிங்கமா இருக்காதா? மாமா எதிரயே உக்காந்திருக்காரு."

எண்ணினார்கள். உபைதுல்லா இரண்டு தடவை எண்ணினார். கணினியும் சீட்டும் ஒரே கணக்கைச் சொல்லின. மூஸாவுக்கு முப்பத்தொன்பது, புகழேந்திக்கு இரண்டு.

"ரெண்டா?" என்றான் பகலவன். "ஒண்ணுதானே இழுத்துச்சு?"

எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள்.

"நீதான்யா. வாயில ஒண்ணு கத்திட்டு கையால ஒண்ணு அமுக்கியிருக்க."

"என் புள்ளைங்க மேல ஆணையா இல்லப்பா!" கண்ணுசாமி அழுதுவிடுவார் போலிருந்தது. "பாய்க்குன்னு கேட்டு, பாய்க்குத்தான் போட்டேன்!"

"நான்தாங்க ஒண்ணு" என்று சொல்லிவிட வேண்டும் என்று செம்மொழிக்கு நாக்கு வரை வந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்பதால் அதைச் சொல்வதில் எந்தப் பெருமையும் மிச்சமில்லை. இரண்டு பெயரையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்து முத்திரை குத்தச் சொல்லியிருந்தால் போதும் என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. ஒரு கணினியும் தேவைப்பட்டிருக்காது.

மூஸாவுக்கு மாலை போட்டார்கள். அவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். கைபேசி மறுபடியும் அடித்தது. மாலையோடு எடுத்தார். "ஆமாங்க… நான்தான்… சரி, சரி, நீங்க எடுத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வாய்க்கால் பக்கம் நடந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. தன் உப்பைத் தின்றவள் தன்னை எதிர்த்ததை நினைத்து நடக்கிற நடை அது என்று செம்மொழிக்குப் பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மெஹராஜ் பேகம் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். புதுப் பெட்டியின் மேல் ஈரத் துண்டு காய்ந்தது.

"அம்மா, இந்தாங்க சாவி. நாளையிலேருந்து நான் வரலைங்க."

"ஏன், என்னாச்சு?"

"அந்த நீளச் சத்தம் நான்தாங்க."

"அது எனக்குத் தெரியும். இந்த அடுப்புக்கே தெரியும்."

"மொதலாளி மொகத்துல முழிக்க முடியாதுங்க. யாருக்கும் தெரியாதுன்னு நான் சொன்னத நம்பித்தான் அவரு இதுல தேர்தல் வச்சாரு. நானே அவருக்கு எதிரா போட்டுட்டு, அதையும் ஊரே கேக்குற மாதிரி…"

மெஹராஜ் பேகம் கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். சாவியை வாங்கவில்லை.

"அட பைத்தியமே, அந்த இன்னொரு ஓட்டே அவருதாம்மா, கை தூக்கச் சொன்னா ஒருத்தனும் விடமாட்டேங்கறான், மறைச்சுப் போட்டாலாவது என்னையத் தோக்கடிச்சு பேரனைப் பாக்க அனுப்பி வைப்பாங்கன்னுதானே பெட்டியெல்லாம் வாங்கி வச்சுட்டு ஒங்கிட்ட வந்து மிஷினு கேட்டாரு!"